தோட்டத்துல குளமா? கொசு வருமே!

"வீட்டுத் தோட்டத்துல சின்னதா ஒரு குளம் இருக்கு"ன்னு சென்னையில யார்கிட்ட சொன்னாலும் அடுத்து வரப்போற பதில் நமக்கு முன்கூட்டியே தெரியும். "கொசு வருமே!" மாட வீதியில தலைமுறை தலைமுறையா இருக்கற மாமியும் இதைத்தான் சொல்றாங்க, ரங்கநாதன் தெருவுல கடை வெச்சிருக்கறவரும் இதைத்தான் சொல்றார். அமெரிக்காவுல பி.எச்டி. முடிச்சிட்டு அடையாறுல செட்டில் ஆன நண்பரும் அட்சரம் பிசகாம இதையேதான் சொன்னார்.

இந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்கு மக்களே. கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல தி.நகர்ல இருந்து ஆரம்பிக்கறேன். இன்னிக்கு உஸ்மான் ரோட்டுல நகை வாங்கப் போறவங்கள்ல எத்தனை பேருக்குத் தாங்க நிக்கறது ஏரிக்குள்ளன்னு தெரியும்? வெள்ளைக்காரன் வரைபடங்கள்ல 'லாங் டேங்க்'னு போட்டிருப்பான். நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும், அண்ணா சாலைக்கு மேற்கால, பிறை மாதிரி வளைஞ்சு கிடந்த ஏரி. மயிலாப்பூர் ஏரின்னும் நுங்கம்பாக்கம் ஏரின்னும் துண்டு துண்டாவும் பேர் இருந்தது. மெட்ராஸ் போட் கிளப்காரங்க இதுல படகுப் போட்டி நடத்தியிருக்காங்கன்னா எவ்வளவு பெருசுன்னு பார்த்துக்குங்க. 1923 வாக்குல இந்த ஏரியை வடிச்சு வீட்டுமனை போட ஆரம்பிச்சாங்க. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பேர்ல நகர் வந்தது, பனகல் ராஜா பேர்ல பார்க் வந்தது. லயோலா கல்லூரி 1925. கடைசியா மிச்சம் இருந்த தண்ணித்துண்டு மேல 1976-ல வள்ளுவர் கோட்டம். நுங்கம்பாக்கத்துல 'டேங்க் பண்ட் ரோடு', மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு'ன்னு பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏரியைத்தான் காணோம். லேக் வியூ ரோட்டுல நின்னா எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் வியூ :-)

ஒண்ணு சொல்லியாகணும். ஏரியைத் தூர்த்ததுக்குக் காரணம் கொசு இல்ல, மனை. ஊர் பெருத்துது, இடம் வேணும், அவ்வளவுதான். ஆனா ஏரி போனா கொசுவும் போயிருக்கணுமில்லையா? போகல. மேற்கு மாம்பலம்னாலே ஒரு காலத்துல கொசுவும் யானைக்கால் வியாதியும்தான் ஞாபகத்துக்கு வரும். யானைக்கால் கிருமியைச் சுமக்கற க்யூலெக்ஸ் கொசு நல்ல தண்ணியில வளர்றது இல்ல, சாக்கடையில வளருது. ஏரி இருந்த இடத்துல சாக்கடை வந்தது, கொசுவும் கூடவே வந்தது. மீன், தவளை, தட்டான் எல்லாம் இருக்கற ஏரியில முட்டை போட்டா அது பிழைக்கறது கஷ்டம். சாக்கடைக்குள்ள எந்த எதிரியும் இறங்க முடியாது, க்யூலெக்ஸுக்கு ராஜ வாழ்க்கை.

இப்ப மலேரியா. ரொனால்ட் ராஸ் நம்ம மெட்ராஸ் மாகாண மருத்துவப் பணியில சேர்ந்த ஆள்தான். 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்தராபாத்துல வெச்சு கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் உலகம் பூரா தேங்கின தண்ணின்னா எதிரின்னு ஆயிடுச்சு. தப்பும் சொல்ல முடியாது, ஜனங்க கொத்துக்கொத்தா செத்த வியாதி அது. 1939-ம் வருஷத்து மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்துலயே கொசு உற்பத்தியைத் தடுக்கன்னு தனியா ஒரு பகுதி இருக்கு.

சென்னை மலேரியாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. நம்ம ஊர் மலேரியாக் கொசு அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. இது குளத்தை விட, கிணறு, மாடித்தொட்டி மாதிரி சுத்தமான, நாலு சுவர் கட்டின தண்ணியைத் தேடிப் போற ஜாதி. வீட்டுக்கு வீடு கிணறு வெச்சிருந்த மயிலாப்பூரும் மந்தைவெளியும் அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்பதான் ஒரு மீனைக் கொண்டு வந்தாங்க. பேர் கம்பூசியா. சொந்த ஊர் அமெரிக்காவுல மெக்சிகோ வளைகுடாப் பக்கம். ரெண்டு இஞ்ச் நீளம் கூட ஒழுங்கா இருக்காது, முட்டை போடாம நேரா குஞ்சே போடும், எந்தத் தண்ணியிலயும் தாக்குப் பிடிக்கும். 1928-ல இத்தாலி வழியா இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடியே, 1900-களின் தொடக்கத்துல, கப்பி மீன் வந்திருந்தது. ரெண்டையும் ஊர் ஊரா கிணத்துலயும் குளத்துலயும் விட்டாங்க. நம்ம மாநகராட்சிக்காரங்க வீட்டுக் கிணத்துல பிளாஸ்டிக் பையில இருந்து மீன் கவுக்கறதை நானே சின்ன வயசுல எட்டிப் பார்த்திருக்கேன்.

மூடின கிணத்துக்குள்ள அந்த மீன் இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா சென்னையில மழை பெஞ்சா கிணறு, தெரு, கால்வாய், குளம் எல்லாம் ஒண்ணுதானே! வெளியில வந்த கம்பூசியா கொசுப்புழுவை மட்டும் சாப்பிட்டுக்கிட்டு சமர்த்தா இருக்கல. தவளை முட்டை, தலைப்பிரட்டை, உள்ளூர் மீன்களோட முட்டை, குஞ்சு, தட்டான் பூச்சியோட இளம்புழு, எல்லாத்தையும் ஒரு கை பார்த்தது. பெரிய மீனோட துடுப்பைக் கூடக் கடிக்கும். அதாவது கொசுவைத் தின்னுக்கிட்டிருந்த மத்த ஜீவன்களையும் சேர்த்துத் தின்னுடுச்சு. உலகத்துலயே மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியல்ல இதுக்கும் இடம் உண்டு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதே வேலையைச் செய்ய நம்மகிட்டயே ஆள் இருந்தது. முண்டக்கண்ணி! வயல் வாய்க்கால்ல விளையாடி வளர்ந்தவங்களுக்கு உடனே தெரியும். தண்ணிக்கு மேல்மட்டத்துலயே நீந்தும், தலையில ஒரு வெள்ளிப் புள்ளி மினுமினுன்னு தெரியும். மேலயே திரியறதால கொசுப்புழு மூச்சு விட மேல வரும்போது லபக். (மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மனுக்கும் இந்த மீனுக்கும் சம்பந்தம் இல்லீங்க. முண்டகம்னா தாமரை, அம்மன் தாமரைக் கண்ணி. மீன் முழிக்கற முழிக்கு அந்தப் பேர்.)

சரி, ஏரி போச்சு, கிணத்துல அமெரிக்க மீன் வந்தது. மூணாவது இடத்துக்கு வர்றேன், அடையாறு.

அடையாறு ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு உப்பங்கழி பிரிஞ்சு குவிபிள் தீவைச் சுத்திக்கிட்டுப் போகும். சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம், பசுமைவழிச் சாலை இதுக்கு நடுவுல. தெற்குக் கரையில 1882-ல வந்த தியசாபிகல் சொசைட்டி தோட்டம். அதுக்குள்ள 1925-ல கட்டின புத்தர் கோயில் முன்னால ஒரு தாமரைக் குளம் இருக்கு, சென்னையில நான் பார்த்த தோட்டக் குளங்கள்லயே அழகானது எனக்கு அதுதான். தெற்குக் கரை இந்த மாதிரி தப்பிச்சது. வடக்குக் கரை தப்பிக்கல. பட்டினப்பாக்கம் பக்கம் வீட்டு வசதிக் கட்டடங்கள், அப்புறம் எம்.ஆர்.சி. நகர்னு கழிமுகத்தை ஓரமா கடிச்சுக் கடிச்சு உள்ள வந்தாங்க. உப்பங்கழியில ஊர்ல இடிச்ச வீட்டுக் கல்லும் மண்ணும் வந்து விழுந்தது, சாக்கடை கலந்தது, சீமைக்கருவேலம் மண்டினது. அந்த நிலத்தை என்ன பண்றதுங்கற சண்டை 1990-கள்ல உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு பகுதியில அம்பேத்கர் மணிமண்டபம் வந்தது. மிச்சத்துல 58 ஏக்கரை எடுத்து சூழல் பூங்காவா மாத்தறதுன்னு 2006-ல அடையாறு பூங்கா அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. ஆரோவில்ல இருக்கற பிச்சாண்டிகுளம் அமைப்புதான் திட்டம் போட்டுக் கொடுத்தது. அவங்க ஆரோவில் பொட்டல் காட்டுல நம்ம கடற்கரை உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்ப வளர்த்துக் காட்டினவங்க.

2011 ஜனவரியில கலைஞர் திறந்து வெச்சார், பேர் தொல்காப்பியப் பூங்கா. அவரே அந்தப் பேர்ல ஒரு புத்தகம் எழுதினவராச்சே, வேற பேர் வெச்சிருந்தாதான் ஆச்சரியம். அதுக்கப்புறம் வந்த ஆட்சியில மிச்சம் இருந்த கழிமுகம் 300 ஏக்கர்லயும் இரண்டாம் கட்ட வேலை நடந்தது. ரெண்டு கட்சியும் தொடர்ந்து செஞ்ச வேலைன்னு இந்த ஊர்ல விரல் விட்டு எண்ணலாம், இது அதுல ஒண்ணு.

அங்க என்ன பண்ணாங்கங்கறதுதான் எனக்கு முக்கியம். குப்பையையும் இடிபாட்டையும் அள்ளினாங்க, சீமைக்கருவேலத்தைப் பிடுங்கினாங்க, தண்ணிக்கு இடம் விட்டாங்க. உப்புத் தண்ணி ஓரத்துல கண்டல் செடிங்க, மேட்டுல உள்ளூர் மரங்கள், மழைத்தண்ணிக்குத் தனியா நல்ல தண்ணிக் குளங்கள். கரையை நேரா சுவர் எடுக்காம சரிவா விட்டாங்க. ஆழமில்லாத ஓரம் இருந்தாதான் உள்ளானும் மடையானும் கால் வைக்க முடியும். தண்ணிக்கு நடுவுல மண்திட்டு விட்டாங்க, நாய் போக முடியாத இடம்னு பறவைக்குத் தெரிஞ்சா அங்கதான் போய் உக்காரும். ரொம்ப வருஷம் நினைச்ச நேரத்துக்கு உள்ள விட மாட்டாங்க, முன்கூட்டியே அனுமதி வாங்கி, கும்பலா, வழிகாட்டியோட நடந்துட்டு வரணும். "பார்க்குன்னு பேர் வெச்சுட்டு ஊஞ்சல் கூட இல்ல"ன்னு திட்டினவங்க உண்டு. என்னைக் கேட்டா அது சரின்னுதான் சொல்வேன். 2016-ல சேத்துப்பட்டு ஏரியை படகு, நடைபாதை எல்லாம் வெச்சுத் திறந்தாங்க. நல்லாத்தான் இருக்கு, குழந்தைங்களுக்குக் குஷி. ஆனா அது மனுஷனுக்குக் கட்டின ஏரி. அடையாறுல வெட்டினது வக்காவுக்கும் நண்டுக்கும்.

சாக்கடை இன்னும் அடையாத்துல கலக்குது, அதை மறைச்சு எழுத எனக்கு இஷ்டம் இல்ல. ஆறு நாறும்போது பூங்கா மட்டும் மணக்காது. இருந்தாலும், ஏரியைத் தூர்த்து மனை போட்ட அதே ஊர் காசு செலவு பண்ணித் தண்ணிக்கு இடம் விட்டது அங்கதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்த யோசனை இன்னும் கொஞ்சம் பரவிச்சு. 2021 நவம்பர்ல தி.நகர் தெருக்கள்ல நாள்கணக்கா தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஏரி இருந்த பள்ளம் எங்கயும் போகல, அங்கயேதான் இருக்கு. அதுக்கப்புறம் மாநகராட்சியே பூங்காக்களுக்குள்ள 'ஸ்பாஞ்ச் பார்க்'னு சின்னச் சின்னக் குளம் வெட்டிச்சு.

இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கு. எங்க அடுக்ககம் ஒரு பழைய தோட்ட வீட்டை இடிச்சுக் கட்டினது. பின்பக்கம் அந்த வீட்டுக் காலத்து அல்லித்தொட்டி ஒண்ணு மிச்சம் இருக்கு. எட்டடிக்கு ஆறடி, நாலடி ஆழம். அதை மூடி டைல்ஸ் போட்டா ஒரு கார் நிறுத்தலாம். சங்கக் கூட்டத்துல பேச்சு வந்தது, காரணம் கார்னு யாரும் சொல்லல, "கொசு வருமே"ன்னுதான் சொன்னாங்க. கூடவே இன்னொரு காரணமும் வந்தது, அதுல நியாயம் இருந்தது. தொட்டியில அடிக்கடி ஏதாவது செத்து மிதக்கும். அணில், ஓணான், ஒரு தடவை மரநாய்க் குட்டி. மேல்மாடியில ரெண்டு சின்னக் குழந்தைங்க வேற இருக்காங்க. "பொங்கல் வரைக்கும் பாருங்க, அதுக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன்"னு வாய்தா வாங்கியிருக்கேன்.

அணில் ஏன் சாகுது? நேர்ச்சுவர். நம்ம பழைய குளங்களைப் பாருங்க. கபாலி கோயில் தெப்பக்குளமோ சித்திரக்குளமோ, நாலு பக்கமும் படி. மனுஷன் இறங்கறதுக்குத்தான் கட்டினது, ஆனா உள்ள விழுந்த எதுவும் ஏறி வரவும் முடியும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்தொட்டிக்குப் படி கிடையாது, வழவழன்னு சிமெண்டு. விழுந்த அணில் சுத்திச் சுத்தி நீந்தி, களைச்சுப் போய் செத்துடும். இதுக்கு வைத்தியம் ரொம்ப எளிசு. ஒரு மூலையில செங்கலையும் கருங்கல்லையும் அடுக்கி, அடியில இருந்து விளிம்பு வரைக்கும் சாய்வா, சொரசொரப்பா ஒரு வழி. நான் அடுக்கின மறுநாளே ஒரு தேரை அதுல உக்காந்திருந்தது. ராத்திரி கத்தித் தீர்த்துது, முதல் மாடிக்காரர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.

குழந்தைங்களுக்கு: தண்ணிமட்டத்துக்கு மேல, சுவத்துல பதிச்ச கம்பி ஜன்னல் மாதிரி ஒரு கிராதி. ஆள் எடை தாங்கணும். கட்டத்துக்குள்ள அல்லி மேல வரும், மீன் கீழ ஓடும், தவளை வந்து போகும். கல்வழி இருக்கற மூலையில மட்டும் கிராதியை விளிம்பு வரைக்கும் ஏத்தி விட்டாச்சு. நைலான் வலை மட்டும் வேண்டவே வேண்டாம். கொக்குக்குப் பயந்து வலை போடுவாங்க, அதுல சாரைப்பாம்பு தலையை விட்டுக்கிட்டு, முன்னாலயும் போக முடியாம பின்னாலயும் வர முடியாம மாட்டிக்கும். பாம்புன்னதும் சங்கத்துல நாலு பேர் எழுந்துட்டாங்க. தண்ணில வர்றது பெரும்பாலும் நீர்க்கோலி, விஷம் கிடையாது, தவளையையும் மீனையும் தின்னுட்டுப் போயிடும். சந்தேகமா இருந்தா அடிக்காம வனத்துறைக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

தண்ணி விஷயம். மெட்ரோ வாட்டரை நேரா விட்டா அதுல இருக்கற குளோரின் தலைப்பிரட்டையைக் கொன்னுடும். ரெண்டு மூணு நாள் வெயில்ல திறந்து வெச்சு அப்புறம் ஊத்தலாம், அதை விட நல்லது மாடியில விழற மழைத்தண்ணி. நம்ம ஊர்லதான் 2003-லயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்புக் குழாய் போட வெச்சாங்களே, அதுல ஒரு கிளையைத் திருப்பி விட்டாச்சு. செடியில அல்லி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, ஓரத்துல கொஞ்சம் கோரை. ஆகாயத்தாமரை பூ அழகா இருக்குன்னு யாராவது கொடுத்தா வாங்காதீங்க, ஒரு வருஷத்துல தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. தண்ணிப்பரப்புல பாதி மூடி நிழல், பாதி திறந்து வெயில் இருந்தாப் போதும்.

அப்புறம், அன்பா இருக்கறேன்னு தீனி போடாதீங்க. கபாலி குளத்து வாசல்ல பொரி வாங்கி மீனுக்குப் போடறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். தின்னது போக மிச்சம் அழுகும், அழுகும்போது தண்ணியில இருக்கற பிராணவாயுவை இழுத்துக்கும். கோடையில தண்ணி குறைஞ்சு, சூடாகி, கூட்டமும் அதிகமா இருந்தா மீன் மூச்சு முட்டிச் சாகும். பெரிய குளத்துக்கே இந்த கதின்னா எட்டடித் தொட்டி எம்மாத்திரம்? அதே மாதிரி, வளர்க்க முடியலைன்னு கடையில வாங்கின சிவப்புக்காது ஆமையைக் கோயில் குளத்துல விடறாங்க. அதுவும் அமெரிக்காக்காரன்தான். நம்ம பாலாமையோட சாப்பாட்டுலயும் இடத்துலயும் பங்குக்கு வரும்.

கொசுவுக்கு வர்றேன், கூட்டத்துல காட்ட வேண்டியது அதைத்தான். நம்ம வெயிலுக்குக் கொசு முட்டையில இருந்து இறக்கை முளைக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதுக்குள்ள யாராவது அதைத் தின்னணும். தட்டான் தானா வந்து முட்டை போடும், அதோட இளம்புழு தண்ணிக்கடியில மாசக்கணக்கா வேட்டையாடும். நீர்ப்பூச்சிகள் அதுவா பறந்து வரும். எந்த மருந்தும் தெளிக்காம இருந்தாப் போதும், மருந்து தெளிச்சா முதல்ல சாகறது இதுங்கதான். கொசு அடுத்த வாரமே திரும்ப வந்துடும், தட்டான் வர மாசமாகும். எங்க தொட்டியில நான் வாராவாரம் வெள்ளைக் கிண்ணத்துல தண்ணி மொண்டு புழு எண்ணறேன். முதல் ரெண்டு வாரம் நிறைய இருந்தது, மூணாவது வாரம் கையளவு, இப்ப தேடித்தான் பார்க்கணும். அதே நாள்ல சங்கத்துச் செயலாளரையும் கூட்டிக்கிட்டு மாடிப்படி கீழ இருக்கற பூந்தொட்டித் தட்டு, ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் பின்னாடித் தட்டு, மொட்டை மாடியில கிடந்த பழைய டயர் மூணையும் பார்த்தோம். மூணுலயும் டெங்குக் கொசுப்புழு துள்ளிக்கிட்டிருந்தது. ஏடிஸ் கொசு முட்டை தண்ணி வத்தினாலும் மாசக்கணக்கா காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும், மழை வந்ததும் பொரியும். அதனால தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, தட்டைத் தேய்ச்சுக் கழுவணும்னும் சொன்னேன். ஃபிரிட்ஜ் யார் வீட்டுதுன்னு எழுத மாட்டேன், அவரும் இதைப் படிக்கறார்.

இன்னும் பாக்கி மீன்தான். கொளத்தூர் மீன்கடைகள்ல கலர் கலரா எல்லா நாட்டு மீனும் கிடைக்குது, முண்டக்கண்ணி கேட்டா பாதிப்பேர் விழிக்கறாங்க. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் வயல் வாய்க்கால் இருக்கற பதிவர்கள் யாராவது பத்துப் பன்னிரண்டு பிடிச்சுத் தர முடியுமா? கம்பூசியா கலந்துடாம பார்த்துப் பிடிக்கணும், வித்தியாசம் அந்தத் தலைப் புள்ளிதான். ஒரு மூடி போட்ட வாளியோட நானே வர்றேன். பொங்கலுக்கு முன்னாடின்னா நல்லது.